கிளன்மார்கனிலிருந்து ஆரல்வாய்மொழி வரை: மின்கம்பி போகும் வழியில் ஆறு நாள்

முதல் நாள்: கிளன்மார்கன், சிங்காரா

ஊட்டி–கூடலூர் சாலையில் பைக்காரா ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் படகில் ஒரு சுற்று போய்விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் கிளன்மார்கனுக்குப் போக வேண்டும். மலை விளிம்பில் ஒரு சிறிய நீர்த்தேக்கம். அங்கிருந்து பென்ஸ்டாக் குழாய்கள் சரிவில் இறங்கி, கீழே காட்டுக்குள் இருக்கும் சிங்காரா மின்நிலையத்தில் முடிகின்றன. ஆட்களும் சாமான்களும் ஏறி இறங்க, கம்பிவடத்தால் வண்டியை இழுக்கும் ஒரு விஞ்ச் பாதையும் உண்டு. விஞ்சில் ஏறவும் மின்நிலையத்துக்குள் போகவும் மின்வாரியத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். சிங்காரா முதுமலைக் காட்டை ஒட்டியது என்பதால் வனத்துறையையும் கேட்டாக வேண்டும். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள்.

சென்னை மாகாண அரசின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினராக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயர் இந்தத் திட்டத்துக்காக விடாமல் வாதாடினார். 1929-ல் வேலை தொடங்கி, 1932-ல் மின்சாரம் வந்தது. 66 கேவி (66,000 வோல்ட்) கம்பியில் அது கோயம்புத்தூர் இறங்கியதும் பஞ்சாலைகள் பெருகின, கிணற்றடியில் மோட்டார் பம்பு வந்தது. கொங்கு நாட்டின் தொழில் வரலாறு இந்தக் குழாயிலிருந்துதான் தொடங்குகிறது என்றே சொல்லலாம்.

நீர்வீழ் உயரம் 3,080 அடி, ஏறக்குறைய 939 மீட்டர். இவ்வளவு உயரத்துத் தண்ணீர் குழாயின் அடியில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 94 கிலோ அழுத்தம் தரும். நாசில் என்ற குறுகிய வாயிலிருந்து பீறிடும் தாரையின் வேகம் நொடிக்கு 135 மீட்டர், மணிக்கு 480 கிலோமீட்டருக்கு மேல். நொடிக்கு ஒரு கனமீட்டர் தண்ணீர் இருந்தாலே 8 மெகாவாட் எடுத்துவிடலாம். அதே 8 மெகாவாட்டை 30 மீட்டர் உயர அணையில் எடுக்க நொடிக்கு 30 கனமீட்டருக்கு மேல் வேண்டும். சிறிய ஆற்றை வைத்துக்கொண்டு பெரிய மின்நிலையம் கட்ட முடிந்தது இந்தக் கணக்கால்தான்.

இங்கே சுற்றுவது பெல்ட்டன் சக்கரம். விளிம்பு முழுக்க இரட்டைக் கரண்டி போன்ற கிண்ணங்கள். தாரை ஒவ்வொரு கிண்ணத்தின் நடுமுகட்டிலும் பட்டு இரண்டாகப் பிரிந்து பின்னோக்கித் திரும்புகிறது. லோடு, அதாவது இயந்திரத்தின் மீதுள்ள மின்சுமை, திடீரென்று அறுந்தால், உதாரணமாக வெளியே போகும் லைன் டிரிப் ஆனால், சக்கரம் கட்டுமீறி வேகமெடுக்கும். அதற்காக நாசிலின் ஊசியைச் சட்டென மூடிவிட முடியாது. இவ்வளவு நீளக் குழாயில் ஓடும் தண்ணீரை ஒரே கணத்தில் நிறுத்தினால் அதன் உந்தம் குழாயையே பிளக்கும். அதனால் முதலில் டிஃப்ளெக்டர் என்ற தகடு ஓரிரு நொடிகளில் குறுக்கே வந்து தாரையைச் சக்கரத்தைவிட்டு விலக்கும். ஊசி அதன்பின் மெதுவாக மூடும்.

பழுதுகளில் முக்கியமானது வண்டல். மழைக்காலத் தண்ணீரில் வரும் நுண்மணல் ஊசி முனையையும் அது அமரும் வளையத்தையும் அரிக்கும். முனை தேய்ந்தால் தாரை சிதறும், அதே தண்ணீருக்கு மின்சாரம் குறையும். கிண்ணத்தின் வேர்ப்பகுதியில் மயிரிழை வெடிப்பு வருகிறதா என்று சாயம் தடவிப் பார்ப்பது ஆண்டுப் பராமரிப்பில் தவறாத வேலை. குழாயின் மேல்முனையில் இருக்கும் காற்று வால்வை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் அது வேலை செய்தே ஆக வேண்டும். குழாயைக் காலி செய்யும்போது அந்த வால்வு அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, அத்தனை கனமான இரும்புக் குழாய் தகரடப்பா மாதிரி நசுங்கும்.

பழைய நிலையத்தின் மொத்தத் திறன் 59.2 மெகாவாட். அருகே நிலத்துக்கடியில் 50 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று கொண்ட புதிய நிலையம் 2005-ல் வந்தது. தண்ணீரில் பெரும்பங்கை இப்போது வாங்கிக்கொள்வது அதுதான்.

இரண்டாம் நாள்: எமரால்டு, மஞ்சூர், கெத்தை

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடம்தான் பார்க்கக் கிடைக்கும் என்றால் குந்தாவைச் சொல்வோம். கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தில் கனடா தந்த உதவியோடு கட்டிய நீர்மின் அடுக்கு இது. முதல் நிலையங்கள் 1960-61-ல் ஓடத் தொடங்கின.

தண்ணீர் போகும் வழியை ஒருமுறை மனசில் வாங்கிக்கொண்டால் ஊர்கள் எல்லாம் வரிசையில் அமர்ந்துவிடும். மேல்பவானி அணையின் தண்ணீர் அவலாஞ்சியில் இருக்கும் ஐந்தாம் நிலையத்தில் விழுகிறது: 40 மெகாவாட். அது அவலாஞ்சி–எமரால்டு இரட்டை ஏரியில் சேர்ந்து, குந்தாவில் முதல் நிலையத்துக்கு இறங்குகிறது: 60. அங்கிருந்து கெத்தையில் இரண்டாம் நிலையம்: 175. பிறகு பரளியில் மூன்றாவது: 180. கடைசியில் பில்லூர் அணையில் நான்காவது: 100. ஒரே தண்ணீர் ஐந்து முறை வேலை செய்துவிட்டு, பிறகு கோவைக்குக் குடிநீராகவும் பவானிசாகர் வழியே பாசனத்துக்கும் போகிறது. எண்கள் வரிசையாக இல்லாததற்குக் காரணம், அவை கட்டிய காலத்தின் வரிசை. தண்ணீரின் வரிசை வேறு.

இந்த அடுக்கை ஓட்டுவதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. மேலே இருப்பவை பெரிய ஏரிகள், நடுவில் இருப்பவை சிறிய குளங்கள். மேல்நிலையம் ஓடினால் சில மணி நேரத்தில் நடுக்குளம் நிரம்பும். கீழ்நிலையத்தில் ஓர் இயந்திரம் பழுதாகி நின்றால், மேலேயும் லோடைக் குறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வீணாக வழியும். அதனால் குளத்து நீர்மட்டத்தை மணிக்கொரு தரம் எழுதிவைத்துக்கொண்டு, நிலையங்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டே ஓட்டுகின்றன. பில்லூரில் சேர்ந்திருக்கும் வண்டல் இந்தக் கணக்கை இன்னும் இறுக்குகிறது. தூர் வாருவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு ஆண்டும் மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் சேர்த்தே நட்டம்.

நின்றிருக்கும் இயந்திரத்தைக் கிரிட் என்ற பொது மின்வலையில் சேர்ப்பதை இங்கே விரிவாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லா நிலையத்துக்கும் இதுதான் அடிப்படை. முதலில் மசகெண்ணெய் பம்பு, குளிர்விக்கும் தண்ணீர். அடுத்து பெரிய வால்வின் பக்கவழிக் குழாயைத் திறந்து இருபுறமும் அழுத்தத்தைச் சமமாக்க வேண்டும். சமமாகாமல் பெரிய வால்வைத் திறந்தால் அதன் சீல் (கசிவைத் தடுக்கும் வளையம்) கிழியும். பின்பு கொஞ்சம் தண்ணீர் விட்டால் சக்கரம் முழு வேகத்துக்கு வரும். எக்ஸைட்டேஷன், அதாவது காந்தச் சுருளுக்கு மின்னோட்டம், கொடுத்து வோல்டேஜைக் கிரிட்டின் வோல்டேஜுக்குச் சமமாக்குவார்கள். அடுத்து சிங்க்ரனோஸ்கோப். கடிகாரம் போன்ற ஒரு டயல், ஒரே ஒரு முள். முள் வலப்பக்கமாகச் சுற்றினால் நம் இயந்திரம் கிரிட்டைவிட ஒரு இழை வேகம். இடப்பக்கமாகச் சுற்றினால் மெதுவு. முள் மிக மெதுவாக வலப்பக்கம் சுற்றும்படி வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் திருத்தி, அது பன்னிரண்டு மணியைத் தொடப்போகும் நேரத்தில் பிரேக்கர் என்ற இணைப்புச் சுவிட்சைப் போட வேண்டும். பிரேக்கர் மூடுவதற்கே சில மில்லிநொடி ஆகும் என்பதால் சற்று முன்னதாகவே கை போக வேண்டும். தப்பான கோணத்தில் போட்டால் கிரிட் அந்த இயந்திரத்தை ஒரே இழுப்பில் தன் வரிசைக்குக் கொண்டுவரும். தண்டு முறுக்கும், சுருள்களின் முனைகள் கட்டு தளரும். இன்று இதைத் தானியங்கிக் கருவி செய்கிறது. ஆனால் முள்ளைக் கண்ணால் பார்த்துக் கையால் சேர்க்கத் தெரிந்த ஆள் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவராவது இருக்க வேண்டும்.

இத்தனையும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். குந்தாவின் மதிப்பு அந்தச் சில நிமிடத்தில் இருக்கிறது. மாநிலத்தின் மொத்தத் தேவையோடு வைத்துப் பார்த்தால் இதன் மெகாவாட் சின்ன எண்தான். மாலை 6 மணிக்கு மேல் ஊரெல்லாம் விளக்குப் போடும்போது இவ்வளவு சீக்கிரம் கைகொடுப்பவை மிகச் சில.

மஞ்சூரிலிருந்து கெத்தை வழியே காரமடைக்கு இறங்கும் சாலையில் பென்ஸ்டாக்கை மிக அருகில் பார்க்கலாம். யானை நடமாட்டம் அதிகம். பகலிலேயே சோதனைச் சாவடிகளைத் தாண்டிவிட வேண்டும்.

மூன்றாம் நாள்: காடம்பாறை

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அந்த மலைக்குள், குடைந்த குகையில், 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு. 1987-89-ல் இயங்கத் தொடங்கின. மேலே காடம்பாறை நீர்த்தேக்கம், கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கம். மின்சாரம் பற்றாமல் போகும் நேரத்தில் தண்ணீர் கீழே வரும். மிஞ்சும் நேரத்தில் அதே இயந்திரம் எதிர்த்திசையில் சுழன்று தண்ணீரை மேலே ஏற்றும். இவ்வகை நிலையங்களில் பொதுவாக 4 யூனிட் செலவழித்தால் 3 யூனிட் திரும்பக் கிடைக்கும். ஒரு யூனிட் போகிறதே என்று இதைக் குறை சொல்பவர்கள் நேரத்தின் விலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பம்பாக ஓட்டுவதுதான் கடினம். மூன்று பேஸில் இரண்டை இடம் மாற்றிக் கொடுத்தால் சுழற்சி திசை மாறும். அதற்கென்றே தனி சுவிட்ச் உண்டு. ஆனால் நின்றிருக்கும் இவ்வளவு பெரிய மோட்டாரை நேரடியாகக் கிரிட்டில் போட்டால் அந்த வட்டாரத்தின் வோல்டேஜே சரிந்துவிடும். தண்டிலேயே பொருத்திய ஒரு சிறிய போனி மோட்டாராலோ, அதிர்வெண்ணைப் பூஜ்யத்திலிருந்து 50 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாக ஏற்றித் தரும் கன்வெர்ட்டராலோ முழு வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகு கிரிட்டில் சேர்ப்பதுதான் இத்தகைய நிலையங்களின் வழக்கம். அந்த நேரத்தில் சக்கரம் தண்ணீரில் முங்கியிருந்தால் சுற்றவே பெரும்பலம் வேண்டும். ஆகவே அமுக்கிய காற்றைச் செலுத்தி, சக்கரத்துக்குக் கீழே தண்ணீரைத் தள்ளி வைத்து, காற்றிலேயே சுழலவிடுகிறார்கள். கிரிட்டில் சேர்ந்த பிறகு காற்றை வெளியேற்றித் தண்ணீரை ஏறவிட்டு, வழிகாட்டித் தகடுகளைத் திறக்க வேண்டும். காற்றைத் தடுத்து நிறுத்தும் சீலில் கசிவு இருந்தால் நடுவழியில் தண்ணீர் சக்கரத்தைத் தொட்டுவிடும். தொடங்கும் மோட்டார் திணறி டிரிப் ஆகும். பம்பு ஓடவில்லை என்ற புகார் வந்தால் அனுபவஸ்தர்கள் முதலில் பார்ப்பது கம்ப்ரசரையும் காற்றுக் குழாயையும்தான்.

அந்தக் காலத்தில் இரவில் பம்பு, பகலில் உற்பத்தி. சூரிய மின்சாரம் பெருகிய பிறகு நண்பகலில் பம்பு, மாலையில் உற்பத்தி என்று மாற இடம் கிடைத்திருக்கிறது. இதே முறையில் குந்தாவில் போர்த்திமந்து ஏரியை மேல்தேக்கமாகவும் அவலாஞ்சி–எமரால்டை கீழ்த்தேக்கமாகவும் வைத்து 500 மெகாவாட்டுக்கு ஒரு திட்டம் எழுகிறது.

நான்காம் நாள்: மேட்டூர், நெய்வேலி

மேட்டூரில் ஒருநாள் போதும். 1934-ல் முடிந்த அணை, 120 அடி, 93.47 டிஎம்சி. ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை பாசனத்துக்குத் திறப்பது மரபு. மின்சாரம் அந்தத் திறப்பை ஒட்டியே கிடைக்கும். வாரியம் கேட்டதற்காக மட்டும் மதகு திறக்காது. அணையடி நிலையம் 50 மெகாவாட், சுரங்க நிலையம் 200. வெளியேறிய தண்ணீரைக் கீழே செக்கானூர் தொடங்கி நான்கு கதவணைகளில் மறுபடி மறித்து, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் எடுக்கிறார்கள். உயரம் குறைவு, தண்ணீர் நிறைய. சிங்காராவுக்கு நேர் எதிர்.

அனல் நிலையம் வேறு மாதிரி. 210 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு, பிறகு வந்த 600 ஒன்று. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ நிலக்கரி என்று வைத்தாலும் 210 மெகாவாட் இயந்திரம் மணிக்கு ஏறத்தாழ 150 டன் தின்கிறது. ஆறிப்போன கொதிகலனைத் திரும்ப ஏற்ற பல மணி நேரம் ஆகும். அதனால் இதை அணைத்து அணைத்து மூட்டுவதில்லை, லோடை ஏற்றி இறக்குவதோடு சரி. ட்யூபில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தால் பாயும் நீராவி பக்கத்து ட்யூப்களையும் அறுக்கும். சத்தம் கேட்டவுடன் நிறுத்துவதே மலிவு.

டெல்டாவுக்குப் போகும் வழியில் நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்புப் பொருள் வந்ததில் தொடங்கிய கதை தமிழர்களுக்குத் தெரிந்ததே. பலருக்குத் தெரியாதது, பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர். சுற்றிலும் ஆழ்குழாய் போட்டு இரவு பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைத் தணிக்காவிட்டால், சுரங்கத்தின் தரை கீழிருந்து வெடித்து மேலே எழும்பும்.

ஐந்தாம் நாள்: குத்தாலம்

அருவி இருக்கும் குற்றாலம் வேறு. இது மயிலாடுதுறை அருகே இருக்கும் குத்தாலம். காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி எடுக்கும் இயற்கை எரிவாயு, கெயில் குழாய் வழியே இங்குள்ள 101 மெகாவாட் நிலையத்துக்கு வருகிறது. 64 வாயுச் சுழலியில், 37 நீராவிச் சுழலியில். திருமாக்கோட்டையிலும் ராமநாதபுரம் வழுதூரிலும் இதன் சகோதரங்கள் இருக்கின்றன.

வயல் நடுவே மஞ்சள் எச்சரிக்கைப் பலகைகளும் குட்டைத் தூண்களும் வரிசையாகப் போனால் அடியில் எரிவாயுக் குழாய் போகிறது என்று அர்த்தம். தூணுக்குள் இரண்டு ஒயர் முனைகள். மண்ணில் புதைந்த இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க, பூச்சுக்கு மேல் சிறிய மின்னோட்டமும் கொடுக்கிறார்கள். செம்பு சல்பேட் மின்முனையை மண்ணில் ஊன்றி அளந்தால் குழாயில் மைனஸ் 0.85 வோல்ட் அல்லது அதற்கும் எதிர்மறையாக இருக்க வேண்டும். மைனஸ் 0.7 என்று காட்டினால் பாதுகாப்பு போதவில்லை. எங்கோ பூச்சு உரிந்திருக்கலாம், அல்லது மின்கொடுப்பு நின்றிருக்கலாம். குழாய்க்கு வரும் பெரிய ஆபத்து துருகூட அல்ல, கேட்காமல் தோண்டும் ஜேசிபி.

நிலையத்துக்குள் வந்ததும் முதலில் பிரிப்பான். கிணற்று வாயுவோடு வரும் திரவத் துளிகளை நீக்காவிட்டால் அவை பர்னரில் தீப்பிழம்பை ஓரிடத்தில் குவித்துத் தகடுகளை உருக்கும். பிறகு மீட்டர், அழுத்தச் சீராக்கி. மூட்டுவதற்கு முன் சுழலியை நெருப்பில்லாமல் சுற்றவிட்டு, புகைபோக்கி வரை பல நிமிடம் காற்றால் கழுவ வேண்டும். முந்தைய தோல்வியில் எரியாமல் தங்கிய வாயு கொதிகலனில் இருந்தால் அடுத்த தீப்பொறியில் வெடிக்கும். நிறுத்தும்போதும் ஒரு கடமை இருக்கிறது. சூடான தண்டைச் சும்மா நிற்கவிட்டால் தன் எடையாலும் மேல்கீழ் வெப்ப வேறுபாட்டாலும் வில்லாக வளையும். ஆறும்வரை பாரிங் கியர் என்ற சுழற்றி அதை மெதுவாக உருட்டிக்கொண்டே இருக்கும்.

வாயுச் சுழலியின் புகை 500 டிகிரிக்கு மேல் சூடாக வெளியேறுகிறது. அதை வீணாக்காமல் நீராவியாக்குவதில்தான் அந்த 37 மெகாவாட் வருகிறது, கூடுதல் எரிபொருள் இல்லாமலே. பலவீனம் ஒன்றுதான்: நிலக்கரி மாதிரி குவித்துவைக்க இடமில்லை. கிணற்றில் அழுத்தம் குறைந்தால் அன்றைக்கே லோடு குறையும்.

வீட்டு அடுப்புக்கு வரும் குழாய் எரிவாயுவும் இதே பொருள்தான், பாதை வேறு. இரும்புக் குழாயிலிருந்து சீராக்கி வழியே 4 பாரில் மஞ்சள் பிளாஸ்டிக் குழாய்க்கு, அங்கிருந்து 100 மில்லிபாருக்கு, மீட்டர் அருகே 21 மில்லிபாருக்கு. இயற்கை எரிவாயுவுக்கு மணமில்லை. கசிவு தெரியவே நாற்றமடிக்கும் மெர்காப்டன் கலக்கிறார்கள். சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டினால் தீ சிறுத்து நிற்கும், ஏனென்றால் ஒரே கன அளவில் இதன் வெப்பம் எல்பிஜியைவிடக் குறைவு. பெரிய துளையுள்ள ஜெட் மாற்ற வேண்டும். எல்பிஜி தரையில் தங்கும், இது காற்றைவிட இலேசு, மேலே போகும். ஆகவே வெளியேற்றும் ஜன்னல் கூரையருகே இருப்பது நல்லது.

ஆறாம் நாள்: கயத்தாறு, ஆரல்வாய்மொழி

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றால் நம்பத் தோன்றும். 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் சோதனையாக நட்ட காற்றாலைகளில் தொடங்கி, மாநிலத்தின் காற்றுத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

காற்றின் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கம். நொடிக்கு 10 மீட்டர் 8 ஆனால் கிடைப்பது பாதிதான். காற்று சற்றுத் தளர்ந்தால்போதும், நூற்றுக்கணக்கான மெகாவாட் இறங்கிவிடும். 2013 டிசம்பர் 31-ல் தென்னகக் கிரிட் தேசியக் கிரிட்டோடு இணைந்த பிறகு அந்த அதிர்ச்சி பரவித் தணிகிறது. ஆனாலும் 49.90-க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் இடையில் அதிர்வெண்ணை வைத்திருப்பதில் தன் பங்கை ஒவ்வொரு மாநிலமும் செய்தாக வேண்டும். இங்கே இறக்கை தளரும்போது சென்னை கட்டுப்பாட்டு மையத்திலிருந்து குந்தாவுக்கும் காடம்பாறைக்கும் சொல் போகிறது. நாம் பார்த்த அந்த முள் அங்கே சுற்றத் தொடங்கும்.

பழைய காற்றாலைகள் கிரிட்டிலிருந்து ரியாக்டிவ் பவரை (காந்தப்புலத்துக்காக மட்டும் போய்வரும் மின்திறனை) இழுப்பவை. அதை ஈடுசெய்ய அடியில் வைத்த கெப்பாசிட்டர்கள் செத்துவிட்டால் அந்த வட்டார வோல்டேஜ் இறங்கும், மற்ற காற்றாலைகளும் கழன்றுகொள்ளும். எந்தக் கெப்பாசிட்டர் ஊதியிருக்கிறது என்பதைக் காற்று வரும் முன் சித்திரையிலேயே பார்த்து மாற்ற வேண்டும்.

கடைசியாக, சாலையோரத்து டிரான்ஸ்ஃபார்மர். 100 கேவிஏ என்றால் 11 கேவி பக்கம் முழு லோடில் 5.25 ஆம்பியர், வீட்டுப் பக்கம் 133. உயரழுத்தப் பக்கம் இவ்வளவு குறைவு என்பதால்தான் அந்தப் பக்கத்து எச்ஜி (ஹார்ன் கேப்) ஃபியூஸ் மெல்லிய கம்பி. அவசரத்துக்கு யாராவது தடித்த அலுமினிய இழையைக் கட்டிவிட்டால் அடுத்த பழுதில் ஃபியூஸுக்குப் பதில் டிரான்ஸ்ஃபார்மரே எரியும். மூச்சுக்குழாயிலுள்ள சிலிக்கா ஜெல் நீலமாக இருக்க வேண்டும். வெளிர்சிவப்பானால் ஈரம் எண்ணெய்க்குள் போகிறது. நியூட்ரல் கம்பி அறுந்தால், லோடு குறைவாக இருக்கும் பேஸில் 230 வோல்ட் 400-ஐ நெருங்கி ஒரே நேரத்தில் ஒரு தெருவின் டிவியெல்லாம் போகும். பல வீட்டில் விளக்கு திடீரென்று அதிகமாக எரிந்தால் உடனே மெயினை அணைத்துவிட்டு வாரியத்துக்குச் சொல்ல வேண்டும்.

இதில் வேலை செய்ய ஏறுகிறவரின் உயிர் எல்சி (லைன் கிளியர்) என்ற ஒரு அனுமதிச் சீட்டில் இருக்கிறது. லோடை எடுத்துவிட்டு, லைனைத் துண்டிக்கும் ஏபி (ஏர் பிரேக்) சுவிட்சை இறக்கு. மூன்று பிளேடும் விலகியதைக் கண்ணால் பார். பூட்டுப் போட்டுச் சாவியைப் பையில் வை. கம்பி செத்திருக்கிறதா என்று சோதி. கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடின் மண்முனையை முதலில் கட்டு, பிறகே கம்பியில் கொக்கியை மாட்டு. வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் மாட்டு, ஏனென்றால் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் பின்வழியாக மின்சாரம் அனுப்பலாம். முடிந்ததும் ஆட்கள் இறங்கியதை எண்ணிப் பார்த்து, கம்பியின் கொக்கியை முதலில், மண்முனையைக் கடைசியில் எடுக்க வேண்டும். எல்சி வாங்கியவரே நேரில் அதைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் பூட்டைத் திறந்து ஏபி சுவிட்சை ஏற்றலாம்.